வீட்டுக்கு உதவும் விஷயங்கள்: பின்புறம் தாழ்ந்த ஜீப்

சென்ற இதழில் மாடித் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த அன்பர்கள் சிலர், "வாசலில் நிற்கும் வண்டியைப் பற்றியும் ஒருமுறை எழுதலாகாதா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களுள் ஒருவருடைய சங்கடம் நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கும் நேரக்கூடியது. ஆகவே இம்மாதம் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

அந்த அன்பர் கராடியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வசிப்பவர். சொந்த ஊர் திருநெல்வேலிச் சீமை. அவருடைய தகப்பனார் 1990களில் வாங்கிய மஹிந்திரா ஜீப் ஒன்று அவர்கள் வீட்டில் இருக்கிறது. தகப்பனார் காலமான பிறகும் ஆண்டுதோறும் மே மாதத்தில் குடும்பத்தோடு அதிலேயே ஊருக்குப் போய்வருவது வழக்கம். ஒரு வழிக்கு மட்டும் ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர். இரண்டு வருஷங்களாக அந்த ஜீப்பின் பின்புறம் தாழ்ந்துகொண்டே வந்தது. ஆட்கள் ஏறி உட்கார்ந்தால், தண்ணீர் குடிக்கக் குனிந்த மாட்டைத் திருப்பி நிறுத்தினாற்போல, மூக்கு மேலேயும் வால் கீழேயுமாக நிற்கும். சிறு பள்ளத்தில் இறங்கினாலும் அடியில் 'டக்' என்று இடிக்கும். பின் இருக்கையில் உட்காரும் தாயாருக்கு இடுப்பு வலி.

அன்பர் மூன்று பட்டறைகளில் யோசனை கேட்டார். ஒருவர் இரண்டு பட்டைகளைக் கூடுதலாகச் சொருகிவிடலாம் என்றார். இன்னொருவர் ஷாக் அப்ஸார்பரை மாற்றினால் சரியாகிவிடும் என்றார். மூன்றாமவர் வண்டியையே பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொன்னார். வீட்டு அம்மாளுக்கு, இந்த வண்டியில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்குவதா என்ற பயம். தாயாரோ, "ஏல, அப்பா வண்டிய வித்துப்புடுவியோ?" என்று ஒரே வார்த்தைதான் கேட்டாராம். இந்த நிலையில்தான் அவர் என்னிடம் வந்தார். நான் மெக்கானிக் அல்லன், ரயில்வேயில் குமாஸ்தா. ஆயினும் பாரத்தையும் வண்டியையும் பார்த்துப் பழகிய உத்தியோகம் ஆகையால், தெரிந்தவர்களைக் கேட்டும் நேரில் பார்த்தும் அறிந்ததை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், வண்டியைத் தாங்குவது எது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டு மிராசுதார்கள் முன்னாளில் வைத்திருந்த வில்வண்டியைப் பெரியவர்கள் அறிவார்கள். சாதாரணக் கட்டைவண்டிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசமே, அச்சின்மேல் வளைந்து கிடக்கும் இரும்பு வில்தான். அதே வில்தான் ஜீப்பிலும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ் கம்பெனி 1941 முதல் பெருவாரியாகச் செய்த ஜீப்பும், 1940களின் இறுதியில் பம்பாயில் மஹிந்திரா கம்பெனி பூட்டத் தொடங்கிய ஜீப்பும், பின்னர் வந்த அதன் சந்ததிகள் பலவும், நான்கு சக்கரங்களுக்கும் நான்கு வில்கட்டுகளை உடையவை. நீளம் குறைந்துகொண்டே போகும் எஃகுப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு போல்ட்டால் கோத்திருப்பார்கள். நம்மவர்கள் 'கமான் பட்டை' என்பதை இங்கே மராத்தியர்கள் 'பாட்டா' என்கிறார்கள். எல்லாவற்றிலும் நீளமானது தாய்ப் பட்டை. அதன் ஒரு முனை சேஸியில் நேராகவும், மறு முனை ஷாக்கிள் என்னும் ஊசலாடும் துண்டின் மூலமாகவும் மாட்டப்பட்டிருக்கும். பாரம் ஏறினால் வில் நிமிரும், நிமிர்ந்தால் நீளும், அந்த நீளத்துக்கு இடம் கொடுப்பதற்காகவே ஷாக்கிள் ஊசலாடுகிறது.

பிற்கால வண்டிகளில் ஏற்பாடு மாறியது. 1998இல் வந்த டாட்டா சஃபாரியிலும் 2002இல் வந்த ஸ்கார்ப்பியோவிலும் பின்புறம் சுருள் வில்கள் உண்டு. 2010இல் வந்த தார் ஜீப்பில் பின்புறம் பட்டையாகவே இருந்தது; 2020இல் வந்த புதிய தாரில்தான் அங்கும் சுருள் வந்தது. ஆகவே வீட்டில் இருக்கும் வண்டிக்கு எது என்பதைக் குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்வது முதற் காரியம்.

வில் ஏன் தாழ்கிறது? "வில் இளகிவிட்டது" என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் எஃகின் விறைப்பு வருஷக்கணக்கில் குறைவதில்லை; குறைவது வளைவுதான். அளவுக்கு மேல் பாரம் ஏற்றுவதாலும், பள்ளங்களில் திரும்பத் திரும்ப முழுமையாக நசுங்குவதாலும் பட்டை சிறிது சிறிதாகத் தன் பழைய வளைவுக்குத் திரும்பும் சக்தியை இழக்கிறது. அதே பாரத்துக்கு முன்பு எவ்வளவு அமிழ்ந்ததோ அவ்வளவேதான் இப்போதும் அமிழும். ஆனால் அமிழத் தொடங்கும் இடமே தாழ்ந்துவிட்டது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், பிறகு சொல்லப்போகும் வைத்தியங்களில் எது சரி, எது தவறு என்பது விளங்கும்.

தாழ்வினால் வரும் கெடுதல்கள் அழகைப் பற்றியவை மட்டுமல்ல. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் 2.3 மீட்டர் இடைவெளியுள்ள ஒரு ஜீப்பை எடுத்துக்கொள்வோம். அதன் பின்புறம் 5 சென்டிமீட்டர் தாழ்ந்தால், முன்விளக்கின் ஒளி 50 மீட்டர் தூரத்தில் ஒரு மீட்டருக்கும் மேலாக உயர்ந்துவிடும். எதிரே வருபவனுடைய கண்ணில் நேராக அது விழும். மலைப்பாதையை இரவில் கடக்கும்போது, எதிர்வண்டிக்காரனுக்கு ஒரு கணம் கண் இருண்டால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது கெடுதல், முன்சக்கரங்களின் பாரம் குறைவது. மூட்டை முடிச்சுகளைப் பின்கதவோரம் அடுக்குவது நம் வழக்கம். 100 கிலோ சாமானைப் பின் அச்சுக்கு 60 சென்டிமீட்டர் பின்னால் வைத்தால், பின் அச்சின்மேல் ஏறுவது 100 அன்று, 126 கிலோ. மிகுதியான 26 கிலோ முன் அச்சிலிருந்து பிடுங்கப்பட்டது. துலாக்கோலின் கணக்கு இது. முன்சக்கரத்தில் பாரம் குறைந்தால் ஸ்டியரிங் மிதப்பதுபோல் இருக்கும். முன் பிரேக்கின் பிடிப்பும் குறையும்.

மூன்றாவதாக, சில வண்டிகளில் பின் அச்சுக்கும் சேஸிக்கும் இடையே ஒரு கோல் மாட்டி, பின்புறம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. வில் தாழ்ந்த வண்டியில், காலியாகப் போகும்போதும் பாரம் இருப்பதாக அது எண்ணிக்கொள்ளும். மழையில் திடீரென்று பிரேக்கை மிதித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடக்கூடும்.

இனி நோய் அறிதல். பட்டறைக்குப் போகுமுன் வீட்டிலேயே ஒரு டேப்பும் ஒரு காகிதமும் கொண்டு இதைச் செய்யலாம். சமதரையில் வண்டியைக் காலியாக நிறுத்துங்கள். நான்கு டயர்களிலும் காற்று சரியாக இருக்கட்டும். வண்டியைச் சிறிது முன்னும் பின்னும் உருட்டி, நான்கு மூலைகளையும் அமுக்கி விடுங்கள். பிறகு ஒவ்வொரு சக்கரத்தின் நடுமையத்திலிருந்து அதற்கு நேர்மேலே உள்ள மட்கார்டு விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதோடு நிற்காமல், பின் அச்சுக்கும் அதன்மேலுள்ள சேஸிக்கும் உள்ள இடைவெளியையும் இருபுறமும் அளக்க வேண்டும். ஏனெனில் பழைய ஜீப்புகளில் சேஸி சரியான உயரத்திலேயே இருக்க, அதன்மேல் உடல் உட்காரும் ரப்பர்கள் நைந்தும் தகடு துருப்பிடித்தும் உடல் மட்டும் இறங்கியிருப்பதுண்டு. அப்படியானால் வில்லை மாற்றிப் பயன் என்ன?

அடுத்தபடி பட்டைகளைக் கம்பித் தூரிகையால் துடைத்து, நல்ல விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முக்கியமாகப் பார்க்கவேண்டிய இடங்கள் இரண்டு: நடு போல்ட்டின் அருகே, தாய்ப் பட்டையின் காது வளையும் இடம். விரிசல் பெரும்பாலும் அங்கேதான் விழும். பட்டைகள் பக்கவாட்டில் விலகியிருக்கின்றனவா, யூ போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா, காதுகளில் உள்ள புஷ் தேய்ந்துவிட்டதா என்றும் பாருங்கள். ஷாக்கிள் துருவால் இறுகிப்போனால், வில் நன்றாக இருந்தும் வேலை செய்யாது. இரு பக்கமும் ஒரே அளவாகத் தாழ்ந்திருந்தால் பெரும்பாலும் களைப்பு. ஒரு பக்கம் மட்டும் அதிகம் தாழ்ந்திருந்தால் உடைந்த பட்டையை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ரயில் நிலையத்தில் வண்டி உள்ளே வரும்போது, பிளாட்பாரத்தில் நின்றபடி ஒவ்வொரு பெட்டியின் அடிப்பாகத்தையும் கவனித்துக்கொண்டிருக்கும் சிப்பந்திகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உடைந்த வில்லையும் தொங்கும் பாகங்களையும் கண்டுபிடிப்பது அவர்களுடைய வேலைகளுள் ஒன்று. ஆயிரம் பேர் ஏறும் வண்டிக்கு உரிய அந்தக் கவனம், ஆறு பேர் ஏறும் வண்டிக்கும் வேண்டியதுதானே?

நோய் தெரிந்தபின் வைத்தியம். பட்டறைகளில் சொல்லப்படுபவை ஐந்து வகை.

முதலாவது, ஷாக் அப்ஸார்பரை மாற்றுவது. சாதாரண ஷாக் அப்ஸார்பர் வண்டியைத் தூக்கிப் பிடிப்பதில்லை. வில்லின் குதிப்பை அடக்குவது மட்டுமே அதன் தொழில். எண்ணெய் கசிந்தால் மாற்ற வேண்டியதே. ஆனால் தாழ்ந்த வண்டி அதனால் உயராது.

இரண்டாவது, கூடுதல் பட்டை சொருகுவது. செலவு குறைவு, உயரமும் வரும். ஆனால் ஒரு கணக்கை மறக்கக்கூடாது. பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 7 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதிலாக 8 மில்லிமீட்டர் பட்டை போட்டால், அந்தப் பட்டையின் விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். எப்போதும் பாரம் சுமக்கும் வண்டிக்கு அது பொருந்தலாம். வாரத்தில் ஆறு நாள் காலியாக ஓடும் குடும்ப வண்டிக்கு, இடுப்பு வலியைக் காசு கொடுத்து வாங்குவதாகும். களைத்த பழைய பட்டைகளோடு புதிய பட்டை ஒன்றைச் சேர்த்தால், சுமையில் பெரும்பங்கு அதன் தலையில் விழும் என்பதும் உண்டு.

மூன்றாவது, பழைய பட்டைகளைக் கழற்றி மறுபடி வளைப்பது. இதில் நல்லதும் உண்டு, பொல்லாததும் உண்டு. வில் எஃகு என்பது ஏறக்குறைய நூற்றுக்கு அரைப் பங்கு கரியும், ஒன்றரை முதல் இரண்டு பங்கு சிலிக்கனும் சேர்ந்த ஒரு வகை. அதை 850 முதல் 900 டிகிரி சென்டிகிரேடு வரை காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி 400 முதல் 500 டிகிரி வரை சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். அந்தப் பதமே வில்லின் உயிர். முறையான உலையும் எண்ணெய்த் தொட்டியும் உள்ள இடத்தில் வளைத்துப் பதமேற்றினால் பட்டை மேலும் சில காலம் உழைக்கும். உலையில் சிவக்கக் காய்ச்சி, வளைத்து, காற்றில் ஆறவிட்டால் அது வெறும் இரும்புத் துண்டு; சில மாதங்களில் மீண்டும் தாழும். சம்மட்டியால் குளிர்ந்த நிலையில் தட்டி வளைப்பதும் நெடுநாள் நிற்பதில்லை. விரிசல் விட்ட பட்டையை வெல்டிங் வைப்பதோ எக்காலத்திலும் கூடாது.

நான்காவது, அச்சுக்கும் பட்டைக்கும் இடையே கட்டை வைப்பது, நீண்ட ஷாக்கிள் மாட்டுவது, சுருள் வில்களின் இடையே ரப்பரைத் திணிப்பது போன்ற தந்திரங்கள். இவை உயரத்தைக் காட்டுமேயன்றி வில்லின் நோயைத் தீர்ப்பதில்லை. நீண்ட ஷாக்கிளால் அச்சின் சாய்வு மாறி, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டுகளில் அதிர்வு வரலாம். ரப்பர் திணித்த சுருள் அந்த இடத்தில் அசைய முடியாமல், மற்றச் சுற்றுகளே எல்லாச் சுமையையும் ஏற்க வேண்டியதாகும். வண்டியைத் தயாரித்தவர் கொடுத்த அமைப்பை மாற்றுவதற்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வரம்பு விதித்திருக்கிறது. பதினைந்து வருஷம் கடந்த சொந்த வண்டியின் பதிவைப் புதுப்பிக்கப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஐந்தாவது, தயாரித்தவர் சொன்ன அளவிலேயே புதிய வில்கட்டுகளை இரு பக்கமும் மாற்றுவது. முதலில் செலவு கூடுதல். கடைசியில் பார்த்தால் இதுவே சிக்கனம். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி சாய்ந்து நிற்கும். ஆகவே எப்போதும் ஜோடியாகவே மாற்ற வேண்டும்.

வேலை நடக்கும்போது அருகில் இருந்து கவனிக்க வேண்டியவை சில. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் எவரும் போகக்கூடாது. சேஸிக்கு அடியில் உறுதியான தாங்கிகள் வேண்டும். அச்சுக்கு வேறு ஜாக்கி வேண்டும். அச்சு இறங்கும்போது பிரேக் குழாய் இழுபடாமல் பார்க்க வேண்டும். வில்கட்டின் நடு போல்ட்டைக் கழற்றுவதானால் பட்டைகளை முதலில் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அவை தெறித்து ஆளை அடிக்கும். யூ போல்ட்டுகளையும் அவற்றின் நட்டுகளையும் புதிதாகவே போடுவது நல்லது. ரப்பர் புஷ் உள்ள காதுகளின் போல்ட்டுகளைக் கடைசியாக, வண்டி தரையில் தன் பாரத்தோடு நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். 500 கிலோமீட்டர் ஓடுவதற்குள் யூ போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்குவது அவசியம். முன்விளக்கின் நோக்கையும், வால்வு உள்ள வண்டியானால் அதன் கோலின் அளவையும் சரிபார்த்து முடித்தால்தான் வேலை முடிந்ததாகும்.

நம் அன்பருடைய ஜீப்பில் அளந்து பார்த்தபோது வலப்புறம் 3 சென்டிமீட்டரும் இடப்புறம் நாலரை சென்டிமீட்டரும் தாழ்ந்திருந்தன. பட்டைகளைத் துடைத்தபோது இடப்புறக் கட்டில், தாய்ப் பட்டைக்கு அடுத்த பட்டை நடு போல்ட்டின் அருகே இரண்டாக உடைந்திருந்தது தெரிந்தது. மேலும் கீழும் உள்ள பட்டைகள் அதை மறைத்துக்கொண்டிருந்தன. அந்த நிலையில் கூடுதலாக இரண்டு பட்டை சொருகியிருந்தால், உடைவு உள்ளேயே கிடந்திருக்கும். ஊருக்குப் போகும் வழியில் தாய்ப் பட்டையும் போயிருந்தால் அச்சே விலகியிருக்கும். சேஸியோ திடமாக இருந்தது. ஆகவே இரு பக்கமும் புதிய கட்டுகள், புதிய புஷ்கள், புதிய யூ போல்ட்டுகள் போடுவதென்று முடிவாயிற்று. வண்டியை விற்பதற்குச் சொன்ன காரணம் இதோடு ஒழிந்தது.

வீட்டு அம்மாள் ஒரு நிபந்தனை விதித்தார்: "இனிமேல் பின்கதவோரம் மூட்டை அடுக்கக்கூடாது." நியாயமான நிபந்தனைதான். சரக்கு வாகன்களின் பக்கத்தில் வெறும் வண்டியின் எடையும் ஏற்றக்கூடிய பாரமும் எழுதியிருப்பதை ரயிலில் போகும் எவரும் பார்க்கலாம். குடும்ப வண்டிக்கும் அத்தகைய வரம்பு அதன் புத்தகத்தில் இருக்கிறது. பார்க்கத்தான் நமக்கு மனம் வருவதில்லை. ஊரிலிருந்து திரும்பும்போது அரிசி மூட்டை, எண்ணெய் டின், கருப்பட்டி, அத்தை கொடுத்த ஆட்டுக்கல் என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, வில்லைக் குறை சொல்லிப் பயன் இல்லை. கனமானவற்றை முன் இருக்கையின் முதுகை ஒட்டித் தரைமட்டத்தில் வைத்துக் கயிற்றால் கட்டுங்கள். மிகுதியை ரயில் பார்சலில் அனுப்பலாம். அதற்காகத்தான் எங்களைப் போன்றவர்கள் உட்கார்ந்திருக்கிறோம்.

அந்தக் குடும்பம் மே மாதம் ஜீப்பிலேயே ஊருக்குப் போய்த் திரும்பிவிட்டது. இடுப்பு எப்படி என்று தாயாரை விசாரித்தேன். "வண்டிக்கு ஒண்ணுமில்ல, ரோடுதான் சரியில்ல" என்றார்.

புதிய வில் போட்ட அன்று எடுத்த நான்கு அளவுகளையும் வண்டியின் காகிதங்களோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து ஒப்பிட்டால், தாழ்வு தொடங்கும்போதே தெரிந்துவிடும். ஐந்து நிமிஷ வேலை; பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளிடம் டேப்பைக் கொடுத்தால் அவர்களே செய்துவிடுவார்கள்.

அடுத்த இதழில், மழைக்காலத்துக்கு முன் பிரேக்கில் பார்க்கவேண்டியவற்றை எழுதுகிறேன்.